ஆலைக்கு முன்னால் ஆள்: கிராமப்புறத்தில் தேர்ந்த தொழிலாளர்கள் உருவாகும் விதம்

அலுமினியத்தில் செய்த ஒரு சின்ன பாகம். நடுவில் ஒரு துளை. அதற்குள் ஒரு தண்டு நுழைந்து சுழல வேண்டும். டிராயிங்கில் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று போட்டு, பக்கத்தில் 'எச்7' என்று எழுதியிருக்கும். துளை 25.000 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 25.021-ஐத் தாண்டவும் கூடாது என்பதுதான் அந்தக் குறிப்பின் பொருள். கூடுதல் குறைவுக்கு நமக்கு விட்டிருக்கும் இடம் 21 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 21 பங்கு. ஒரு தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும்.

வேலைக்குப் புதிதாக வந்தவர் மெஷினிலிருந்து பாகத்தை எடுத்தவுடன் அளக்கிறார். 25.008. சரியாகத்தான் இருக்கிறது என்று தட்டில் வைத்துவிட்டு அடுத்ததைப் பூட்டுகிறார். ஆனால் வெட்டும்போது ஏறிய சூட்டில் அந்தப் பாகம் அறை வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு, சுமார் 23 மைக்ரான் விரியும். அந்தக் கணக்குப்படி இந்தத் துளை ஆறியதும் 11 மைக்ரானுக்கு மேல் சுருங்கி 24.997-ஐ ஒட்டி வந்து நிற்கும். தண்டு நுழையாது. மாலைக்குள் ஒரு தட்டு முழுக்க ரிஜெக்‌ஷன்.

பக்கத்து மெஷினில் நிற்பவர் அதே பாகத்தைக் கையில் எடுத்ததுமே சூட்டை உணர்ந்து ஓரமாக வைத்துவிடுகிறார். ஆறின பிறகுதான் மைக்ரோமீட்டரை எடுக்கிறார். விரிவுக் குணகம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம். எப்போது அளக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். உற்பத்தித் துறையில் 'திறன்' என்று சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களைத்தான். பட்டன் அழுத்துவதை ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது, எந்தச் சத்தம் வந்தால் மெஷினை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் ஒரே நாளில் வராது.

இப்படிப்பட்ட ஆட்களை, பெரிய நகரம் எதுவும் அருகில் இல்லாத ஒரு பகுதியில் எப்படி உருவாக்குவது? விவசாயத்தையோ சுரங்கத்தையோ நம்பி இருந்த பல வட்டாரங்கள் உலகமெங்கும் இந்தக் கேள்வியோடு போராடியிருக்கின்றன. சில ஜெயித்திருக்கின்றன. பல இடங்களில் கட்டடமும் பெயர்ப் பலகையும்தான் மிச்சம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'தொழிலாளர்' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் ஆலைக்குள் வேலை பல படிகளாக இருக்கிறது. பாகத்தைப் பூட்டி, ஓட்டி, அளந்து, கழற்றும் ஆபரேட்டருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பயிற்சி போதும். ஒரு வேலை முடிந்து வேறு வேலைக்கு மெஷினைத் தயார் செய்பவர் செட்டர். டூலை மாற்றி, அதன் அளவுக்கு ஏற்ற திருத்தத்தை (ஆஃப்செட்) மெஷினுக்குக் கொடுத்து, முதல் பாகத்தைச் சரியாக எடுத்துக் காட்டுவது அவர் பொறுப்பு. அதற்கு இரண்டு மூன்று வருடப் பழக்கம் வேண்டும். மெஷின் நின்றுபோனால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும் மெயின்டெனன்ஸ் ஆளும் ஏறக்குறைய அதே நிலையில் இருப்பவர். பாகங்களுக்கு வடிவம் கொடுக்கும் அச்சும் டையும் செய்யும் டூல் ரூம் ஆட்கள் இன்னும் மேலே. அந்தக் கை பழக ஐந்து, எட்டு வருடங்கள்கூட ஆகலாம்.

ஒரு வட்டாரத்துக்கு இவர்கள் எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் தேவையில்லை. நூறு ஆபரேட்டர்களுக்கு ஐந்தாறு செட்டர்களும் நாலைந்து மெயின்டெனன்ஸ் ஆட்களும் இருந்தால் ஆலை ஓடும். அந்தப் பத்துப் பேர் இல்லையென்றால் நூறு பேரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் நூறு பேரைப் பற்றியே பேசுவார்கள், அதுதான் அறிக்கையில் பெரிய எண்ணாகத் தெரியும் என்பதால். என் கணிப்பில் அந்தப் பத்துப் பேர்தான் விஷயமே.

சரி, கிராமப்புறத்தில் ஏன் இது கஷ்டம்? அங்குள்ளவர்களுக்கு இயந்திர அறிவு குறைவு என்று நினைத்தால் அது பெரிய தவறு. டிராக்டரைப் பிரித்து மாட்டுகிறவர், உதிரி பாகம் வர இரண்டு நாளாகும் என்பதால் இருப்பதை வைத்தே மோட்டாரை ஓடவைக்கிறவர், வெல்டிங் கம்பியை எடுத்து உடைந்த கலப்பையை ஒட்டுகிறவர் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்வது அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்களிடம் இல்லாதவை வேறு. அளவுக் கருவிகளோடு பழக்கம் இல்லை. 'ஏறக்குறைய பொருந்துகிறது' என்பது வயலில் போதும், ஆலையில் போதாது. டிராயிங் படித்ததில்லை. தசமக் கணக்கு பள்ளியோடு மறந்துபோயிருக்கும். எழுதி வைத்த முறைப்படியே நூறு தடவையும் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு புதிதாக இருக்கும். இதெல்லாம் கற்றுக்கொடுக்கக்கூடியவை. இயந்திரத்தின் மேல் ஆர்வமே இல்லாதவருக்கு அதை ஊட்டுவதுதான் சிரமம். அந்தச் சிரமம் இங்கே இல்லை.

உண்மையான சிக்கல் ஒரு சுழலில் இருக்கிறது. தேர்ந்த ஆட்கள் இல்லை என்பதால் ஆலை வருவதில்லை. ஆலை இல்லை என்பதால் தொழில் கற்றவர்கள் ஊரில் தங்குவதில்லை. யாரும் தங்காத ஊரில் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆள் இல்லை. நகரத்தில் இந்தச் சுழல் எதிர்த்திசையில் ஓடுகிறது: ஒரு ஆலையில் வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கிறது, அந்தத் தைரியத்தில் ஆட்கள் கற்கிறார்கள், ஆட்கள் இருக்கும் தைரியத்தில் ஆலைகள் வருகின்றன.

இந்தச் சுழலைப் பயிற்சி மையம் ஒன்றைத் திறப்பதால் மட்டும் உடைக்க முடியாது. நல்ல மையம், நல்ல மெஷின், நல்ல ஆசிரியர் எல்லாம் வைத்து 200 பேரைப் பயிற்றுவித்தால், ஊரில் வேலை இல்லாத வரைக்கும் அந்த 200 பேரும் வெளியூர் போவதற்கு நாமே டிக்கெட் எடுத்துக் கொடுத்தது போலத்தான். போகிறவர்களுக்கு அது நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வட்டாரத்துக்கு? இன்னொரு பக்கம், வேலை வந்த பிறகு பயிற்சியைத் தொடங்கினால் ஆலை முதல் இரண்டு வருடம் வெளியாட்களை வைத்தே ஓடும். அதற்குள் உள்ளூர் ஆட்கள் 'லோடு ஏற்றி இறக்கத்தான் லாயக்கு' என்ற எண்ணம் உள்ளே ஊறிவிடும். அதை மாற்றுவது மெஷின் பழகுவதைவிடக் கடினம். அதனால் பயிற்சியும் வேலையும் ஒன்றோடொன்று நேரம் பார்த்துச் சேர வேண்டும். இதைச் சாதித்த இடங்கள் வெவ்வேறு வழியில் சாதித்தன.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் பருத்தியும் புகையிலையும் பயிரிட்டு, ஜவுளி ஆலைகளை நம்பி இருந்த இடம். 1961-இல், எர்னஸ்ட் ஹாலிங்ஸ் ஆளுநராக இருந்தபோது, அந்த மாநிலம் தொழில்நுட்பப் பயிற்சிக்கு ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கியது. இங்கே ஆலை தொடங்குவதாக ஒரு நிறுவனம் முடிவெடுத்தால், அந்த ஆலைக்கு என்ன வேலை தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் வேண்டுமோ அவர்களை, கதவு திறக்கும் முன்பே, மாநிலச் செலவில் பயிற்றுவித்துத் தருவோம் என்றது அரசு. பொதுவான பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'வாருங்கள்' என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் வேலையைப் பார்த்து, அதற்கென்றே பயிற்சியை அமைத்தார்கள். ஆலைகளும் தொடர்ந்து வந்தன. 1992-இல் பிஎம்டபிள்யூ தன் கார் ஆலைக்கு அந்த மாநிலத்தின் ஸ்பார்ட்டன்பர்க் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தது. 1994-இல் உற்பத்தி தொடங்கியது. துறைமுகம், சலுகைகள் என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு, பயிற்சி ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சு நடந்த மேசையில் பயிற்சியும் ஒரு பொருளாக இருந்தது.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் மலைகளுக்கு நடுவே இருக்கும் மோன்டிராகோன் போன வழி இதற்கு நேர் எதிரானது. அங்கே வெளியிலிருந்து யாரும் வரவில்லை. உள்நாட்டுப் போரில் நொடிந்துபோயிருந்த அந்தச் சிற்றூருக்கு 1941-இல் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற இளம் பாதிரியார் வந்தார். 1943-இல் ஊர் மக்களின் உதவியோடு ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் சுமார் 20 மாணவர்கள். அந்த மாணவர்களில் சிலர் பூட்டு, இரும்புச் சாமான்கள் செய்யும் உள்ளூர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, தொலைவில் இருந்த சரகோசாப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் தேர்வுகளையும் எழுதித் தேறினார்கள். 1956-இல் அவர்களில் ஐந்து பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். ஐவர் பெயரின் எழுத்துகளையும் கோத்து 'உல்கோர்' என்று பெயர் வைத்தார்கள். எண்ணெய் அடுப்பில் தொடங்கிய அந்தக் கூட்டுறவிலிருந்துதான் மோன்டிராகோன் கூட்டுறவுக் குழுமம் வளர்ந்தது. இன்று அதில் பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள்.

பள்ளி தொடங்கியதற்கும் முதல் கூட்டுறவு உருவானதற்கும் இடையில் 13 வருடங்கள். இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் அந்த 13 வருடங்களை ஒரே மூச்சில் தாண்டிவிடுவார்கள். அந்தக் காலம் முழுக்கப் பள்ளி நடந்தது, மாணவர்கள் படித்தார்கள், பழைய ஆலையிலேயே வேலைக்குப் போனார்கள், இன்னும் மேலே படித்தார்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: அந்த ஊருக்கு ஏற்கெனவே இரும்பு வேலையில் நீண்ட பழக்கம் இருந்தது. முழு வெறும் நிலத்தில் முளைத்ததல்ல அது.

1966-இல் அங்கே 'அலேகாப்' என்று இன்னொரு கூட்டுறவும் உருவானது. அது மாணவர்களுக்கான தொழிற்கூடம். பாதி நாள் படிப்பு, பாதி நாள் உண்மையான உற்பத்தி வேலை, அதற்குச் சம்பளம். பண வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் படிப்பை விடாமல் தொடர அது உதவியது. செய்யும் பாகத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்கப் போகிறார் என்றாலே மாணவரின் கவனம் தானாகக் கூடிவிடும் என்பது தொழில் கற்றுக்கொடுத்த எவருக்கும் தெரியும்.

வேலையும் படிப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற இந்த யோசனையைத் தேச அளவில் சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. பழைய கைவினைச் சங்கங்களின் வழக்கத்திலிருந்து வளர்ந்த முறை அது. 1969-இல் தொழிற்பயிற்சிச் சட்டம் அதற்குத் தேசம் முழுக்க ஒரே வடிவம் கொடுத்தது. பயிற்சி பெறும் இளைஞர் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார். வாரத்தில் மூன்று நான்கு நாள் அங்கே வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை வருடம். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. கடைசியில் தேர்வு வைப்பது அந்த நிறுவனமும் அல்ல, பள்ளியும் அல்ல. வட்டாரத்தின் தொழில் வர்த்தக சபை. அதனால் சான்றிதழ் எல்லா ஊரிலும் செல்லும்.

இந்த முறையில் கிராமப்புறங்களுக்கு மிகவும் உதவுகிற ஒரு பகுதி வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய பட்டறையில் கடைசல் இருக்கும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக்ஸ் இருக்காது. வெல்டிங் இருக்கும், கணினி ஓட்டும் சிஎன்சி மெஷின் இருக்காது. அங்கே சேரும் மாணவர் பாதித் தொழிலைத்தான் பார்ப்பார். இதற்காகச் சில நிறுவனங்கள் கூடி ஒரு பொதுப் பயிற்சிக் கூடத்தை வைத்துக்கொள்கின்றன. தங்கள் பட்டறையில் இல்லாததைப் பழக மாணவர்கள் சில வாரங்கள் அங்கே போய்வருவார்கள். சுவிட்சர்லாந்தில் நிறுவனம், பள்ளி, பொதுக்கூடம் என்று மூன்று இடத்திலும் கற்பது அடிப்படை ஏற்பாடாகவே இருக்கிறது. தனித்தனியாக யாராலும் வாங்க முடியாத மெஷினை ஒரு வட்டாரமே சேர்ந்து வாங்குவதற்கு இது ஒரு வழி.

இதுவரை மெஷினையும் சட்டத்தையும் பேசினோம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியம் கற்றுக்கொடுப்பவர்தான். கிராமப்புறத்தில் மிகவும் அரிதாகக் கிடைப்பவரும் அவர்தான். கட்டடம் ஒரு வருடத்தில் எழும்பிவிடும், மெஷின் ஆறு மாதத்தில் வந்து இறங்கும், ஆனால் 15 வருடம் டூல் ரூமில் இருந்த ஒருவரைச் சிற்றூருக்கு வந்து பாடம் நடத்தச் சொன்னால் அவர் ஏன் வர வேண்டும்? ஆலையில் வாங்குவதைவிடச் சம்பளம் குறைவு, பிள்ளைகளின் பள்ளி, வீட்டில் இன்னொருவரின் வேலை என்று நூறு தடை. அதனால் என்ன நடக்கும்? நேற்றுப் பட்டயப் படிப்பு முடித்த ஒருவர் ஆசிரியராக வருவார். மெஷினைப் பற்றிப் பேசுவார். மெஷின் பேசுவது அவருக்கே இன்னும் புரிந்திருக்காது. இது அவர் குற்றமல்ல.

இதற்குப் பெரிதாக உதவக்கூடிய ஒரு பழைய முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்கு இதே பிரச்சினை வந்தது. தேர்ந்த ஆட்கள் போருக்குப் போய்விட்டார்கள். ஆலையை எட்டிக்கூடப் பார்த்திராத ஆண்களும் பெண்களும் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். 1940-இலேயே 'தொழிலகத்துக்குள்ளேயே பயிற்சி' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளால் டிடபிள்யூஐ என்று இன்றும் சொல்கிறார்கள். புதியவர்களுக்குப் பாடம் நடத்துவதற்குப் பதிலாக, அவர்களுக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசர்களுக்கு 'எப்படிக் கற்றுக்கொடுப்பது' என்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். மொத்தம் பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணியாக ஐந்து நாள். போர் முடிந்த 1945-க்குள் 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தப் பயிற்சியைப் பெற்றிருந்தார்கள். பிறகு அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா அதை எடுத்துக்கொண்டு விடவேயில்லை.

முறை எளிமையானது. கற்க வருபவரை முதலில் பதற்றமில்லாமல் ஆக்கி, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொள்வது. பிறகு வேலையைச் செய்துகாட்டுவது, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த இடத்தில் தவறும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதையும் சேர்த்து. அப்புறம் அவரையே செய்யவிட்டு, செய்யும்போதே வாயால் விளக்கச் சொல்வது. கடைசியில் தனியே விட்டு, முதலில் அடிக்கடியும் போகப் போக எப்போதாவதும் வந்து பார்ப்பது. படிக்கும்போது 'இதிலென்ன இருக்கிறது' என்று தோன்றும். ஆனால் பட்டறைகளில் வழக்கமாக நடப்பது என்ன? 'கூட நின்று பார், தானா வரும்.' அவ்வளவுதான். மூன்றாவது கட்டத்தில் வாயால் சொல்லச் சொல்கிறார்களே, அங்கேதான் குட்டு வெளிப்படும். கை சரியாகச் செய்திருக்கும், ஆனால் சூடான பாகத்தை ஏன் ஓரமாக வைத்தோம் என்று கேட்டால் பதில் இருக்காது. காரணம் தெரியாதவர் அவசரமான நாளில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவார்.

அந்தத் திட்டத்தின் தொடக்கத்தில் லென்ஸ் தேய்ப்பவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. ஒருவர் முழுமையாகத் தேர ஐந்து வருடம் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலையைக் கூர்ந்து பார்த்தபோது அதில் பெரும்பகுதி அவ்வளவு திறன் தேவைப்படாத சிறு சிறு வேலைகள் என்று தெரிந்தது. அவற்றைப் பிரித்துப் புதியவர்களிடம் கொடுத்துவிட்டு, உண்மையிலேயே கடினமான பகுதிகளுக்கு மட்டும் ஆட்களைக் கவனமாகப் பழக்கினார்கள். வருடக் கணக்கு மாதக் கணக்காகக் குறைந்தது. ஒரு வட்டாரத்தில் தேர்ந்தவர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அவர் நாள் முழுக்கச் செய்வதில் எது அவரால் மட்டும் முடியும், எதை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று எழுதிப் பார்ப்பது. மிச்சமாகும் நேரத்தில்தான் அவரால் கற்றுக்கொடுக்க முடியும்.

கிராமப்புறத்துக்கு என்றே உள்ள சில விஷயங்களும் உண்டு. தூரம் அதில் ஒன்று. அபத்தமாகத் தோன்றினாலும், பல பயிற்சித் திட்டங்கள் பாடத்திட்டத்தால் தோற்கவில்லை, பேருந்து நேரத்தால் தோற்றன. இரண்டாம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஊருக்குத் திரும்ப வண்டி இல்லையென்றால் அந்த ஷிஃப்ட்டுக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். பெண்களில் பலரை வீட்டிலிருந்து அனுப்பமாட்டார்கள். நுண்ணிய அளவு வேலை, எலக்ட்ரானிக் பாகங்களைப் பொருத்துவது, சிஎன்சி இவற்றில் உடல் பலத்துக்குப் பெரிய வேலையில்லை. ஊரில் இருக்கும் கைகளில் பாதியை வண்டி வசதி இல்லாததால் இழப்பது பெரிய நஷ்டம்.

அடுத்தது, ஒருவரே பல வேலை தெரிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம். தொழில் நகரத்தில் மெஷின் நின்றால் எலக்ட்ரிகல் ஆளை ஒரு பக்கமும் ஹைட்ராலிக்ஸ் ஆளை இன்னொரு பக்கமும் கூப்பிடலாம். தள்ளி இருக்கும் ஆலைக்கு ஆள் வந்து சேரவே ஒரு நாள் ஆகும். அதனால் இங்கே மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், சென்சார், மெஷினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பிஎல்சி எல்லாவற்றிலும் ஓரளவு கை வைக்கத் தெரிந்த மெயின்டெனன்ஸ் ஆள்தான் பொக்கிஷம். அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ்டவுன் என்ற சிறு நகரத்தில் இருக்கும் டொயோட்டா ஆலை 2010-இல் இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு பயிற்சியைத் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி, மூன்று நாள் ஆலையில் சம்பளத்தோடு வேலை, ஐந்து பருவங்களில் படிப்பு முடியும். பிறகு மற்ற நிறுவனங்களும் சேர்ந்துகொண்டு தங்களுக்கும் ஆட்களை அதிலேயே பயிற்றுவித்தன.

நிறுவனங்கள் சேர்ந்துகொண்டன என்பது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் அதன் பின்னால் ஒரு பழைய தகராறு இருக்கிறது. 'நான் செலவு செய்து பழக்குவேன், பக்கத்து ஆலைக்காரர் கொஞ்சம் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்வார்' என்ற பயம் எல்லா முதலாளிக்கும் உண்டு. பயம் நியாயமானதுதான். அதனால் எல்லோரும் மற்றவர் பழக்கட்டும் என்று காத்திருப்பார்கள், யாரும் பழக்கமாட்டார்கள். கற்றவரை ஒப்பந்தத்தால் கட்டிப்போடுவது சிலர் கண்டுபிடித்த தீர்வு. அது நீண்ட நாள் வேலைக்கு ஆகாது. விருப்பமில்லாமல் நிற்பவரின் கையிலிருந்து நல்ல பாகம் வராது. எல்லோரும் செலவைப் பகிர்ந்துகொண்டு, எல்லோரும் அதே குளத்திலிருந்து ஆட்களை எடுத்துக்கொள்வது இதைவிடப் பரவாயில்லை. அதோடு ஆபரேட்டராகச் சேர்ந்தவர் மூன்று வருடத்தில் செட்டர், ஆறு வருடத்தில் சிஎன்சிக்கு நிரல் எழுதும் புரோகிராமர் என்று அதே ஊரில் ஏறிப்போக ஒரு வழி தெரிந்தால் பாதிப் பேர் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் சம்பளம் எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். வாய்மொழியாக 'பார்த்துக்கலாம்' என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை.

விதைப்பு, அறுவடைக் காலத்தில் பயிற்சிக்கு வருகிறவர்கள் குறைவார்கள். இதை ஒழுங்கீனம் என்று முத்திரை குத்துவதற்குப் பதில் அட்டவணையை முன்னமே மாற்றி வைப்பது புத்திசாலித்தனம்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வித அசைவில் வெட்டக்கூடிய புத்தம் புதிய 'ஐந்து அச்சு' சிஎன்சியை வாங்கி வைத்துவிட்டு, அது பழுதாகிவிடுமோ என்று மாணவர்களைத் தொடவிடாத கூடங்கள் உண்டு. தொடக்கத்துக்குச் சாதாரண லேத், ஒரு மில்லிங், ஒரு துளையிடும் மெஷின், கைவேலைக்கு வைஸும் அரமும், எல்லோருக்கும் ஆளுக்கொன்றாக வெர்னியரும் மைக்ரோமீட்டரும் போதும். சாதாரண லேத்தில் டூல் உலோகத்தைக் கடிக்கும் அழுத்தம் கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வரும். அதை ஒருமுறை உணர்ந்தவருக்குப் பின்னாளில் சிஎன்சியில் வேகத்தைக் கூட்டும்போது உள்ளே என்ன நடக்கும் என்ற ஊகம் இருக்கும். இப்படிச் சொன்னால் பழைய காலத்து ஆள் என்பார்கள், இருக்கட்டும். அப்புறம், வட்டார ஆலைகளில் எந்த வகைக் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறதோ அதே வகையில் ஒரு சிஎன்சி இருந்தால் நல்லது. பழகியது ஒன்று, வேலைக்குப் போன இடத்தில் இருப்பது வேறொன்று என்றால் முதல் மாதமே தன்னம்பிக்கை போய்விடும்.

இவ்வளவையும் சேர்த்து ஒரு தொடக்கத்தை யோசித்தால் அது சின்னதாகத்தான் இருக்கும். ஒரு வட்டாரத்தில் நாலைந்து பட்டறைகளோ ஒரு நடுத்தர ஆலையோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் உங்களுக்கு எத்தனை பேர், எந்த மெஷினுக்கு வேண்டும் என்று அவர்களிடம் எழுதி வாங்க வேண்டும். 'நல்ல ஆட்கள் வேண்டும்' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது. மொத்தம் 15 பேர் என்று வந்தால் 15 பேரைத்தான் சேர்க்க வேண்டும். 150 பேருக்குப் பயிற்சி என்ற ஆசையை அடக்கிக்கொள்வதுதான் இதில் கஷ்டமான கட்டம், ஏனென்றால் பணம் கொடுப்பவர்களுக்கு 150 தான் பிடிக்கும். முதல் சில வாரம் அளவும் கணக்கும் டிராயிங்கும். பிறகு வாரத்தில் பாதி பட்டறையில். அந்தப் பதினைந்தில் ஒருவரோ இருவரோ மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஆர்வம் காட்டுவார்கள். அவர்களைக் கவனித்து வைத்துக்கொண்டு, மூன்று வருடம் ஆலையில் வேலை பார்த்த பிறகு வாரத்தில் ஒரு நாள் பயிற்சிக் கூடத்துக்கு வரவழைத்தால், வெளியூரிலிருந்து ஆசிரியர் தேடும் பிரச்சினை மெல்லக் குறையும்.

ஒரு பயிற்சிக் கூடம் உண்மையிலேயே நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் படங்களையும் சான்றிதழ் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, மூலையில் இருக்கும் கழிவுத் தொட்டியை எட்டிப் பார்க்கலாம். தொட்டி காலியாக இருந்தால் மெஷின்கள் ஓடுவதில்லை. ஒரே மாதிரி கெட்டுப்போன பாகங்களாக நிறைந்திருந்தால் ஓடுகின்றன, ஆனால் யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாகத்திலும் வேறு வேறு தவறு, அதன் மேல் பெயின்ட் பேனாவால் எழுதிய அளவும் தேதியும் இருந்தால், உள்ளே போய் அந்த ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள்.